தொண்ணூற்று மூன்றரை விழுக்காட்டுக்கு ஒரு பாராட்டுரை

(செய்யூர் வட்டம் சவுக்கந்தாங்கல் ஊராட்சிச் சமுதாயக் கூடத்தில், நீரிழிவுக் கட்டுப்பாட்டுக் கேடயம் வழங்கும் விழாவில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஏ. ஜெனிஃபர் ஆற்றிய உரை)

அவைக்குத் தலைமை ஏற்று, பணியில் சேர்ந்த பதினைந்தே நாளில் எங்கள் ஊர்ப் பெயரை நாக்குச் சுளுக்காமல் சொல்லப் பழகிவிட்ட மருத்துவ அலுவலர் டாக்டர் மீரா அவர்களே, இன்றைக்கு மயங்கி விழாமல் மேடையில் நிமிர்ந்து அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சாரங்கபாணி ஐயா அவர்களே, இந்த ஊரின் விரல்களை எல்லாம் தம் விரல்நுனியில் வைத்திருக்கும் கிராமச் செவிலியர் ரெஜினா அக்கா அவர்களே, சோற்றைக் குறைத்துச் சோதனைக்கு வந்த தந்தையரே, சோதனை முடிந்ததும் சோற்றைக் குவித்துப் பரிமாறிய தாய்மாரே, கூடத்துக்குள் வராமல் வாசலில் பைக் மேல் உட்கார்ந்தே விழாவைச் சிறப்பிக்கும் அண்ணன்மாரே, முன்வரிசையில் பொன்னாடை போர்த்தி வீற்றிருக்கும் இன்றைய விழா நாயகரும், என்னைப் பெற்றதற்காக இன்னும் சற்று நேரத்தில் வருந்தப் போகிறவருமான என் தந்தையார் ஏசுதாஸ் அவர்களே, உங்கள் அனைவருக்கும் சர்க்கரை சேர்க்காத, ஆனாலும் தித்திக்கும் வணக்கம்.

எனக்குத் தந்த தலைப்பு, நீரிழிவுப் பராமரிப்பில் நாட்டின் முன்னேற்றம். எனக்குத் தந்த நேரம் ஐந்து நிமிடம். நாட்டுக்கே ஐந்து நிமிடம்தான் என்றால் நம் தெருவுக்கு எத்தனை நொடி என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பேச வேண்டியதையும் ரெஜினா அக்கா ஒரு தாளில் அன்போடு எழுதிக் கொடுத்துவிட்டார். அதில் 'மாபெரும்' ஏழு இடத்தில் வருகிறது. 'மைல்கல்' நான்கு இடத்தில் வருகிறது. நான்கு மைல்கல்லை ஒரே பக்கத்தில் நட்டால் அது சாலையா, கல்குவாரியா? ஆகவே தாளை மடித்து வைத்துவிட்டேன். அக்கா, முறைக்காதீர்கள். மணியும் அடிக்காதீர்கள். அடித்தாலும் நிறுத்தப் போவதில்லை.

மேசையைப் பாருங்கள். மின்னுகிறது ஒரு கேடயம். 'வட்டாரத்தில் முதலிடம், கட்டுக்குள் சர்க்கரை தொண்ணூற்று மூன்றரை விழுக்காடு.' நம் ஊரில் பதிவு செய்த நோயாளிகள் முப்பத்தோரு பேர். அவர்களில் இருபத்தொன்பது பேருக்குச் சர்க்கரை கட்டுக்குள். பக்கத்து ஊரில் முப்பது பேருக்கு இருபத்தெட்டு. மயிரிழையில் வென்றிருக்கிறோம். விழுக்காடு என்பது அருமையான சொல். காடு கண்ணுக்குத் தெரிகிறது. அதில் விழுந்தவர் யார் என்பதுதான் தெரிவதில்லை.

அவையோரே, ஒரு நாடு முன்னேறியதை எதை வைத்து அளப்பது? மாமல்லபுரத்துச் சிற்பக்கூடத்துக்குப் போய், சிலை முடிந்ததா என்று கேட்கிறோம். 'ஒரு நாளைக்கு ஆயிரம் முறை தட்டுகிறேன் ஐயா' என்கிறார் சிற்பி. மகிழ்ச்சி. மூக்கு வந்ததா? 'தட்டிய கணக்கு தாளில் இருக்கிறது.' கண் திறந்ததா? 'சுத்தியலுக்குக் கேடயம் வாங்கியிருக்கிறேன்.' அந்தச் சிலையை நீங்கள் வாங்குவீர்களா? நாம் வாங்கியிருக்கிறோம். நம் பதிவேட்டில் மூன்று கட்டங்கள். எத்தனை பேரைச் சோதித்தோம்? எத்தனை பேருக்கு மாத்திரை தந்தோம்? எத்தனை பேருக்குக் கட்டுக்குள்? பாதம் பார்த்தோமா என்று கட்டம் இல்லை. கண் பார்த்தோமா என்று கட்டம் இல்லை. கட்டம் இல்லாததால் யாருக்கும் கவலையும் இல்லை.

இருக்கட்டும். கேடயம் வென்ற கதைக்கு வருகிறேன். தவக்காலம் நாற்பது நாள். மலைக்கு மாலை போட்டால் ஒரு மண்டலம். ஆனால் கோயில் தெருவும் சர்ச் தெருவும் கைகோத்து, மதம் மறந்து மனமொன்றிக் கடைப்பிடிக்கும் விரதம் இந்த ஊரில் ஒன்றே ஒன்றுதான். மூன்று மாதத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை, துணைச் சுகாதார நிலையத்தில் இரத்தச் சோதனை. அதற்கு முந்தைய ஞாயிறு காலை விரதம் தொடங்கும். அரிசிப் பானை அநாதையாகும். ஆண்டு முழுக்க அவமானப்பட்ட பாகற்காய்க்கு அன்று மட்டும் மாப்பிள்ளை மரியாதை. கடைத்தெருவுக்கே பைக்கில் போகிறவர்கள் சவுக்குத் தோப்பு வரை நடப்பார்கள். ஒரு மாத்திரைக்காரர் இரண்டு போடுவார், இரண்டு மாத்திரைக்காரர் நாலு போடுவார். செவ்வாய் காலை எட்டு மணிக்கு விரலை நீட்டுவார்கள். எண் வரும். அழகான எண். எட்டேகாலுக்கு விரதம் முடியும்.

எங்கே முடியும்? சுகாதார நிலையத்துக்கு நேர் எதிரே, அப்பாசாமி அண்ணன் டீக்கடையில். அண்ணனே, எழுந்து கும்பிட வேண்டாம், உங்களை இன்னும் பாராட்டத் தொடங்கவில்லை. அப்படி ஒரு செவ்வாயில் பால் வாங்கப் போனபோது என் காதில் விழுந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் தருகிறேன்.

"இன்னா தலைவரே, எவ்ளோ வந்துச்சி?"

"நூத்திப் பத்து."

"அப்போ டீல சக்கர போட்லாமா?"

"ஒரு ஸ்பூனு போட்டா நூத்திப் பதினொண்ணு ஆவும். ரெண்டு போட்டா பன்னெண்டு. இன்னாத்துக்குக் கஞ்சத்தனம் பண்ற? அந்தப் போண்டா சூடாக் கீதா?"

"உனுக்கோசரம் தான் போட்டுகினே கீறேன். மத்தவனுக்கு வருசத்துக்கு ஒரு தீவாளி, எனுக்கு நாலு."

யார் அந்தத் தலைவர் என்று கேட்காதீர்கள். இரண்டாம் வரிசையில் திடீரென்று செருப்பைத் தேடிக் குனிந்தவரைப் பார்த்து நீங்களே தெரிந்துகொள்ளுங்கள்.

இப்படிப் பிறந்த எண் பதிவேட்டில் ஏறுகிறது. பதிவேட்டிலிருந்து வட்டாரம், வட்டாரத்திலிருந்து மாவட்டம், மாவட்டத்திலிருந்து மாநிலம், மாநிலத்திலிருந்து தில்லி. அங்கே ஒரு பெரிய திரையில் ஒரு கோடு வரைவார்கள். கோடு மேலே ஏறும். பார்த்தவர் கைதட்டுவார்கள். அந்தக் கோட்டில் நூலளவு உயரம் நம் ஊருடையது. இரண்டு நாள் போண்டாவைத் துறந்து நாம் நாட்டுக்குத் தந்த கொடை.

இங்கே நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நோயாளிகள் வாட்ஸ்அப் குழுவுக்கு, ரெஜினா அக்கா சொல்லச் சொல்ல, அவர் போனிலேயே தமிழில் தட்டி அனுப்புகிறவள் நான். ஜூன் மாதத்தில் அக்கா சொன்னார், "வர்ற செவ்வாக்கெழம சோதனன்னு போடு கண்ணு." நான் போட்டேன், 'வரும் செவ்வாய் அல்ல, அதற்கடுத்த செவ்வாய் சோதனை.' கை தவறி அல்ல. தெரிந்து, தெளிந்து, திட்டமிட்டுச் செய்தேன்.

பின்னால் யாரோ 'அடிப்பாவி' என்கிறீர்கள். பாவிதான். பாவமன்னிப்பும் கேட்டாயிற்று. ஃபாதர் கண்டிக்கத்தான் வாயைத் திறந்தார், சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் சுகர் இருக்கிறது.

ஏன் செய்தேன்? என் அப்பா ஆறு மாதமாகக் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை, பெல்ட்டில் ஆணியால் இரண்டு புது ஓட்டை போட்டார். ஆனால் சோதனை அட்டையில் மட்டும் ஒவ்வொரு முறையும் அழகான எண். விரதம் இல்லாத அப்பாவின் எண் என்ன? பெற்ற மகளுக்கு அதைத் தெரிந்துகொள்ள ஆசை இருக்காதா?

அந்த ஞாயிறு படாளத்தில் கல்யாணம். நம் ஊரே இரண்டு வேனில் போனது. பிரியாணி, பிரெட் அல்வா, ஐஸ்கிரீம், அது உருகுவதற்குள் இன்னொரு ஐஸ்கிரீம். திங்கட்கிழமை முழுக்க மிச்ச அல்வா. செவ்வாய் காலை ரெஜினா அக்கா வீடு வீடாக வந்து, கையோடு எல்லாரையும் கூட்டிப் போனார். முப்பத்தோரு பேரில் கட்டுக்குள் இருந்தவர் ஆறு பேர். என் அப்பாவுக்கு முந்நூற்று எண்பத்தாறு. அப்பா அந்த எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் எண்ணைப் பார்த்தார்.

"மெஷினு பேஜாராக் கீதும்மா" என்றார்.

அப்பா சொன்னதையே மேலிடமும் சொன்னது. மேலிடம் என்றால் எந்த இடம் என்று எனக்குத் தெரியாது. அங்கிருந்து போன் மட்டும்தான் வரும். 'இயந்திரக் கோளாறு என்று எழுதுங்கள், பன்னிரண்டு நாள் கழித்து மறுசோதனை, எல்லாருக்கும் முன்கூட்டியே தகவல் சொல்லிவிடுங்கள்.' ஆறு பேருக்கு ஒழுங்காக வேலை செய்து, இருபத்தைந்து பேருக்கு மட்டும் பழுதாகத் தெரிந்த அந்த அறிவாளி இயந்திரத்துக்குத்தான் இன்றைக்கு நியாயமாகப் பொன்னாடை போர்த்தியிருக்க வேண்டும்.

மறுசோதனை வந்தது. ஊரே உயிரைக் கொடுத்து விரதம் இருந்தது. இரண்டு நாள் கஞ்சிகூடக் குடிக்காமல், இரட்டை மாத்திரையோடு வரிசையில் நின்ற சாரங்கபாணி ஐயா அப்படியே சரிந்தார். விரலில் எண் ஐம்பத்தெட்டு. பதிவேட்டில் என்ன எழுதினார்கள் தெரியுமா? கட்டுக்குள். எண் கட்டுக்குள், ஆசிரியர் கட்டிலில். ஐயா கண் திறந்ததும் அப்பாசாமி அண்ணன் ஓடிவந்து சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வைத்தார். அண்ணனே, இப்போது எழுந்து கும்பிடலாம். இந்த ஊரின் ஒரே அவசரச் சிகிச்சைப் பிரிவு உங்கள் கடைதான்.

அன்றைக்கு என் அப்பாவுக்கு நூற்றுப் பதினெட்டு. முந்நூற்று எண்பத்தாறிலிருந்து பன்னிரண்டே நாளில் நூற்றுப் பதினெட்டு. அதனால்தான் அவர் 'முன்மாதிரி நோயாளி'. ஊர் சார்பில் கேடயத்தை வாங்கப் போகிறவரும் அவர்தான். அந்த அட்டையை லேமினேட் செய்து சட்டைப்பையில் வைத்திருக்கிறார். ஆதார் அட்டைகூட வீட்டில் எங்கோ மூலையில்தான் கிடக்கிறது.

அதற்கு அடுத்த வாரம் நடந்ததைச் சொல்கிறேன். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் அப்பாவுக்கு வேலை. மாலையில் வந்து வாசலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். உள்ளேயிருந்து டங்கென்று ஒரு நட்டு விழுந்தது. புளியங்கொட்டை அளவு இரும்பு நட்டு. எட்டு மணி நேரம் அதன் மேல் நின்றிருக்கிறார்.

"ப்பா, வலிக்கலயா?"

"இன்னாத்துக்கு வலிக்கணும்? காலைல இருந்து ஒரு நட்டு கொறயுதுன்னு சூப்ரவைசர் தேடிகினு இருந்தாரு. இங்க கீது பாரேன்."

"சாக்ஸ்ல ரத்தம் கீதுப்பா."

"அப்டியா? உங்கம்மாகிட்ட சொல்லிராத. புது சாக்ஸு."

மூன்று வாரம் ஆகிறது. காயத்தின் ஓரம் கறுத்துக்கொண்டே வருகிறது. வீட்டில் தினமும் சாம்பிராணி போடுகிறோம், பக்தியால் அல்ல. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் பையிலிருந்து அட்டை வருகிறது. "நூத்திப் பதினெட்டும்மா. நா கட்டுல கீறேன். சும்மா ஒரு கீறலு." பாருங்கள், ஊரை ஏமாற்ற எழுதிய எண்ணை உலகத்திலேயே உறுதியாக நம்பியவர் அதன் சொந்தக்காரர்.

நான் ரெஜினா அக்காவிடம் போனேன். அக்கா தினமும் வந்து கட்டு மாற்றிவிட்டுத்தான் போகிறார், அதை மறைக்க மாட்டேன். ஆனால் செங்கல்பட்டுக்குச் சீட்டு எழுதித் தரக் கேட்டபோது சொன்னார், "காயம்னு எழுதி அனுப்சா அவரு பேரு 'சிக்கல்'ன்ற பக்கத்துக்குப் பூடும் கண்ணு. இருபத்தொம்போது இருபத்தெட்டாய்டும். ஷீல்டு பக்கத்து ஊருக்குப் பூடும், என்ன மேல கூப்ட்டுக் கேப்பாங்க. ஃபங்ஷன் முடியட்டும்." நான்கு ஊருக்கு ஒரு செவிலியர். அவருக்குப் பதினேழு பதிவேடு. அக்கா மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு மனிதரின் பாதம் அழுகுவதை ஒரு விழாவின் தேதிக்காகக் காத்திருக்கச் சொல்லும் அந்தக் கோட்டின் மேல்தான் கோபம்.

முன்னேற்றம் என்கிறீர்களே, ஏறியது எது? அப்பாவின் சர்க்கரை ஏறியது. முன்னே வந்தது எது? பாதத்தின் கறுப்பு முன்னே வந்தது. எண்ணை எடுத்தீர்கள், எண்ணைத் தொடுத்தீர்கள், எண்ணை மேலே விடுத்தீர்கள். அந்த எண்ணைச் சுமந்து நடந்த காலை யாராவது குனிந்து பார்த்தீர்களா? மூன்று மாதச் சராசரி என்று ஒரு சோதனை இருக்கிறது. மூன்று மாதமாக இரத்தத்தில் சர்க்கரை எப்படி இருந்தது என்று மொத்தமாகச் சொல்லிவிடும். இரண்டு நாள் பாகற்காயைக் காட்டி அதன் வாயை அடைக்க முடியாது. அந்தச் சோதனையை நமக்கு ஏன் வைக்கவில்லை? வைத்தால் கோடு இறங்கிவிடும் என்ற பயமா? இறங்கட்டுமே. இறங்கினால்தானே யாரைத் தூக்க வேண்டும் என்று தெரியும்?

இதோ அப்பா எழுந்துவிட்டார். கையை ஆட்டிப் பேசுகிறார். பின்வரிசைக்குக் கேட்காது, நானே ஒலிபரப்புகிறேன். "எறங்குடி கீழ. மானத்த வாங்கிகினு கீறியா?" இல்லை அப்பா. இதை என்னால் வீட்டில் சொல்லிப் பார்க்க முடிந்தது, உங்களால் அட்டையைக் காட்ட முடிந்தது. இங்கே டாக்டர் இருக்கிறார். மேடைக்கே வாருங்கள். வருகிறார். ஆனால் அப்பா, ஒரு நிமிடம். மேடையில் குத்துவிளக்கு எரிகிறது. தலைமை ஏற்ற டாக்டரே செருப்பைப் படிக்குக் கீழே விட்டுத்தான் ஏறினார். நீங்கள் மட்டும் கம்பெனி ஷூவோடு ஏறலாமா?

படியில் நிற்கிறார். ஊரும் சேர்ந்துகொண்டது. "கயட்டு அண்ணாத்த, விளக்குக் கீது இல்ல." இடது ஷூ வந்துவிட்டது. வலதுக்கு யோசிக்கிறார். வலதும் வந்துவிட்டது.

முன்வரிசைக்கு வாடை வந்துவிட்டது போலிருக்கிறது. பின்வரிசைக்காகச் சொல்கிறேன். டாக்டர் மீரா நாற்காலியிலிருந்து எழுந்து, படியிலேயே மண்டியிட்டு உட்கார்ந்து, கட்டைப் பிரிக்கிறார். "எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று கேட்கிறார். அப்பா சொல்கிறார், "நூத்திப் பதினெட்டு மேடம்."

சிரிக்காதீர்கள். இப்போது டாக்டர் பேனா முனையால் அவர் உள்ளங்காலை அழுத்துகிறார். "தெரியுதா?" என்கிறார். அப்பா கேட்கிறார், "இன்னாது மேடம்?"

டாக்டர் என்னிடம் சொல்கிறார், நான் உங்களிடம் சொல்கிறேன். ஒரு விரல் போகலாம். இன்றைக்கே கிளம்பினால் கால் தப்பும். அப்பா, ஷீல்டு வாங்கிவிட்டுப் போகலாமா என்று அவரிடம் கேட்காதீர்கள். கேட்டேவிட்டார். டாக்டர் சீட்டு எழுதிக்கொண்டிருக்கிறார்.

ரெஜினா அக்கா பதிவேட்டைத் திறந்துவிட்டார். நான் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை. இருபத்தொன்பதை அடிக்கிறார். இருபத்தெட்டு என்று எழுதுகிறார். "ஷீல்டு பூட்ச்சே" என்று அப்பாசாமி அண்ணன் முணுமுணுக்கிறார். போகட்டும் அண்ணா, பக்கத்து ஊரிலும் டீக்கடை இருக்கும்.

சாரங்கபாணி ஐயா கையைத் தூக்குகிறார். ஒலிவாங்கியை அவர் பக்கம் பிடிக்கிறேன். "ரெஜினா, என் பேரையும் அடிச்சுடும்மா. எனக்கு வந்தது கன்ட்ரோல் இல்ல, மயக்கம்." இருபத்தேழு. இரண்டாம் வரிசையில் அந்தத் தலைவர் எழுந்துவிட்டார். "என்னோடதும் போண்டா கணக்குமா, அடிச்சிரு." இருபத்தாறு. அம்மாமார் பக்கத்தில் இரண்டு கைகள். இருபத்தைந்து, இருபத்து நான்கு. அவையோரே, கண்ணுள்ளவர் காணுங்கள், காதுள்ளவர் கேளுங்கள். இந்த ஊர் முதல் முறையாக முன்னேறிக்கொண்டிருக்கிறது, கீழ்நோக்கி.

தலைமை தாங்க வந்து தரையில் மண்டியிட்ட டாக்டருக்கு நன்றி. பேனாவை எடுத்த ரெஜினா அக்காவுக்கு இருமடங்கு நன்றி. மேலிடத்திலிருந்து உங்களைக் கேள்வி கேட்கும் அந்தப் போன் வரும்போது ஒலிபெருக்கியில் போடுங்கள் அக்கா, ஊரே சேர்ந்து பதில் சொல்வோம். இவ்வளவு நேரம் என்னை அடிக்காமல் கேட்டவர்களுக்கு நன்றி, அடிக்க நினைத்து அடக்கிக்கொண்டவர்களுக்கு அதைவிட நன்றி. டாக்டரின் ஜீப் வாசலில் ஹாரன் அடிக்கிறது. அப்பா, என் தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள், அந்தக் காலை ஊன்றாதீர்கள். மற்றவர்கள் கைதட்டுவதை நிறுத்திவிட்டுக் குனிந்து அவரவர் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். தொட்டது தெரியாதவர்கள் வெட்கப்படாமல் எழுந்து வாருங்கள். செங்கல்பட்டுக்குப் போகும் வண்டியில் இன்னும் நான்கு பேருக்கு இடம் இருக்கிறது. வணக்கம்.